போலீசார் வராத செய்தி

என்னைப் பற்றிப் பேப்பரில் ஐந்து தடவை வந்திருக்கிறது. அதில் மூன்று தடவை படத்தோடு. கடைசியாகப் பேட்டி எடுக்க வந்த நிருபர் பெண், செய்தி எழுதுவதற்கென்றே பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவள். இரண்டு மணி நேரம் என் சமையற்கூடத்தைச் சுற்றிப் பார்த்து, நான் சொன்னதையெல்லாம் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். கிளம்பும்போது அவளிடம் சொன்னேன்: துவாஸ் தொழிலாளர் விடுதிகளுக்கு நான் தினமும் சோறு அனுப்புவது முதல் பத்தியில் வரும், பிடோக் வீட்டில் ஒற்றை அடுப்பில் தொடங்கியது இரண்டாவதில் வரும், என் மூட்டுவலியைப் பற்றிப் பேசியது கடைசிக்குப் போய், இடமில்லாமல் வெட்டுப்படும். அவள் சிரித்துக்கொண்டே போனாள். ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் நான் சொன்ன வரிசையில்தான் எல்லாம் இருந்தது. மூட்டுவலி இல்லை. எப்படி ஆன்ட்டி தெரிந்தது என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருந்தாள்.

தெரியாமல் என்ன? நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள்தான் நான். இன்று என் பெயர் எழுதிய வண்டிகள் பதினொன்று இந்தத் தீவில் ஓடுகின்றன. யாரும் தூக்கிவிட்டு நான் ஏறவில்லை. அதேபோல, ஒரு செய்தியை எப்படிக் கட்டுகிறார்கள் என்பதும் யாரும் பாடம் நடத்தி எனக்குத் தெரிந்ததல்ல. ஒன்பது வயதில் நானே பார்த்துப் பார்த்துப் பிடித்தது. அந்தக் கெட்டிக்காரத்தனத்தோடு நான் ஓடிய ஒரு காலைப்பொழுதைப் பற்றி இதுவரை எந்த நிருபரிடமும் சொன்னதில்லை. சொன்னால் முதல் பத்தியில் போட்டுவிடுவார்கள்.

அப்போது நாங்கள் தேக்கா பக்கம், பஃப்ளோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். ஒரே கூடத்தைப் பலகையடித்து ஆறு அறையாக்கி ஆறு குடும்பம். எங்கள் அறையில் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை, நான். அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்கவில்லை என்பதால், இந்தத் தடவை மாடிப்படி இறங்கக் கூடாது, மனசு அதிர்கிற மாதிரி எதுவும் காதில் விழக் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு மேற்குக் கரையில் ஒரு கப்பல் பட்டறையில் வேலை. பழுதுபார்க்க வரும் கப்பல்களைச் சுற்றிக் கட்டிய சாரத்தில் ஏறி நின்று துரு சுரண்டுவார். அப்பா, அம்மா, அத்தை மூன்று பேருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டில் படித்த ஒரே ஆள் நான்தான்.

கீழே மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் நானாவுக்கும் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவர் வாங்கும் தமிழ்ப் பேப்பரைத் தினமும் காலையில் கடைப்பலகையில் விரித்து நான்தான் உரக்க வாசிப்பேன். தேங்காய் வாங்க வந்தவர்கள், மாலை கட்டப் போகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். நானா எனக்கு ரேடியோ என்று பேர் வைத்திருந்தார். கடையில் வாசித்து முடித்ததும் பேப்பரை மேலே கொண்டுபோய் அம்மாவுக்கு இன்னொரு முறை வாசிப்பேன்.

இப்படி வாசித்து வாசித்து எனக்குச் சில விஷயங்கள் பிடிபட்டன. எங்கள் வீட்டில் பெரியவர்கள் ஒரு சம்பவத்தைச் சொன்னால், எழுந்தது, குளித்தது, பஸ்ஸுக்கு நின்றது என்று ஆரம்பித்து, கேட்கிறவர் கொட்டாவி விட்ட பிறகுதான் அடிபட்ட இடத்துக்கு வருவார்கள். பேப்பர் அதற்குத் தலைகீழ். செத்தவரை முதல் வரியிலேயே போட்டுவிட்டு, அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதை அப்புறம் சொல்லும். கனமான சாமான் மேலே, லேசானது கீழே. சாவுக்கும் பேப்பரில் தரம் உண்டு. துணிக்கடை முதலாளி என்றால் ‘காலமானார்’. சங்கத் தலைவர் என்றால் ‘மறைந்தார்’. லாரியில் அடிபட்ட கூலியாள் என்றால் ‘மாண்டார்’. யாருக்கும் தெரியாத ஒன்றை எழுதும்போது ‘கூறப்படுகிறது’ என்று போட்டுவிட்டால் போதும். யார் கூறினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு வெகுநாள் புரியாமல் இருந்தது. பேப்பரில் ‘ஆடவர்’ என்று ஒருவர் வந்துகொண்டே இருந்தார். திங்கட்கிழமை அவருக்குக் கால் முறியும். புதன்கிழமை அவரிடம் பணப்பையைப் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். வெள்ளிக்கிழமை கடலில் மிதப்பார். அடுத்த திங்கட்கிழமை திரும்பவும் வந்து நிற்பார். இவ்வளவு கஷ்டகாலம் பிடித்த மனிதர் யார் என்று, மேல்மாடியில் ஐந்தாவது அறையில் இருந்த அச்சாபீஸ் மாமாவிடம் போய்க் கேட்டேன். அவர் அந்தப் பேப்பரில் ஈய எழுத்துக் கோக்கும் வேலை பார்த்தார். இரவு முழுக்க வேலை. காலையில் மை அப்பிய விரல்களோடு மாடியேறுவார். நான் கேட்டதும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆம்பளை என்பதற்குப் பேப்பரில் போடும் வார்த்தை அது என்று அவர் சொன்ன அன்று எனக்கு அவமானமாகிவிட்டது. அதை ஈடுகட்ட, நான் பிடித்து வைத்திருந்த மற்ற எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்தேன்.

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு அவரும் ஒன்று சொன்னார். “எடம் பத்தலன்னா வால்லேர்ந்து வெட்டுவோம் பாப்பா. தலைய வெட்டினா செய்தி செத்துரும். வால வெட்டினா ஒருத்தருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரியும் என்றேன். விபத்துச் செய்தி என்றால் கடைசி வரியில் ‘போலீசார் விசாரித்து வருகின்றனர்’ என்று இருந்தே தீரும். போலீசார் வராமல் ஒரு விபத்து முடிந்தால் அது வால் அறுந்த பல்லி. மாமா நம்பவில்லை. பழைய பேப்பர்களை எடுத்து வைத்துச் சோதித்தார். வெட்டுப்பட்ட மூன்று செய்திகளில் இரண்டைச் சரியாகக் காட்டினேன். அச்சாபீஸ் முழுக்க இதை அவர் சொல்லிப் பெருமைப்பட்டதாக அத்தை சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூட ஆண்டுவிழா வந்தது. அட்டையில் செய்த ரேடியோப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தி வாசிக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். விழா பிற்பகல் இரண்டு மணிக்கு. அப்பாவுக்கு அந்த வாரம் பகல் வேலை. லீவு கிடைக்காது. அப்பா வராவிட்டால் மேடை ஏற மாட்டேன் என்று நான் இரண்டு நாள் சோறு தின்னாமல் அடம்பிடித்தேன். மூன்றாம் நாள் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். இரவு வேலை பார்க்கும் கூட்டாளி ஒருவர் அன்றைக்கு மட்டும் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டாராம். பாப்பா செய்தி வாசிக்குதுன்னா போய்க் கேளுப்பா, உன் பகலை நான் பார்த்துக்கிறேன், என் ராத்திரியை நீ பாரு என்று சொன்னாராம். மேலதிகாரியும் தலையாட்டிவிட்டாராம். அந்தக் கூட்டாளியை நான் பார்த்ததில்லை. அப்பா வருகிறார் என்பதோடு எனக்குக் காரியம் முடிந்துவிட்டது.

விழாவில் அப்பா கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்டார். நான் ஒரு இடத்திலும் தட்டவில்லை. நான்கு மணிக்கு விழா முடிந்து வெளியே வந்தபோது ஒரே கூச்சல், தள்ளுமுள்ளு. வாசித்தது எப்படி இருந்தது என்று அப்பா சொல்வதற்குள் வீடு வந்துவிட்டது. ஆறு மணிக்குப் பட்டறை லாரி வந்து அவரை இரவு வேலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நானா கடையில் பேப்பரை விரித்தேன். இன்னும் அரை மணியில் அப்பாவை லாரி இறக்கிவிடும். அவர் முன்னால் வாசித்தால் நேற்றைய பாராட்டு கிடைக்கும் என்று அன்றைக்கு மெதுவாகவே போனேன். முதல் பக்கம் முடிந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில், மூலையில், சின்னதாக ஒரு செய்தி. கண்ணில் பட்டதை அப்படியே ரேடியோக் குரலில் வாசித்துவிட்டேன்.

“கப்பல் பட்டறை விபத்து: ஆடவர் மாண்டார். மேற்குக் கரையில் உள்ள கப்பல் பட்டறை ஒன்றில் நேற்று சாரம் சரிந்து விழுந்ததில் இந்திய ஆடவர் ஒருவர் மாண்டார். உறவினர்களுக்குத் தெரிவிக்கப்பட்ட பின் அவருடைய பெயர் வெளியிடப்படும்.”

நானா தராசில் பருப்பைக் கொட்டிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே வைத்துக்கொண்டார். பக்கத்தில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தாள்.

“எந்தப் பட்டறைடி?”

“பேர் போடல அத்தே. மேற்குக் கரைன்னுதான் இருக்கு.”

“செத்தது யாரு?”

“ஆடவர்.”

“அதான் யாருங்குறேன்.”

“பேரு அப்பறம்தான் போடுவாங்களாம்.”

“எப்ப நடந்துச்சுன்னாவது இருக்கா?”

“நேத்து.”

நேற்று என்பது எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நேற்று நான்கு மணி வரைக்கும் அப்பா விழாவில் இருந்தார். ஆறு மணிக்குப் போனார். பேப்பருக்குச் செய்தி வாங்குவதைப் பத்து மணிக்குமேல் நிறுத்திவிடுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார். ஆறுக்கு முன்னால் நடந்திருந்தால் அது வேறு யாரோ. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் நடந்திருந்தால்? நான் அந்த நாலு வரியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மணி இல்லை.

நானா அப்பாவின் பட்டறைக்கு டெலிபோனைச் சுற்றினார். யாரோ எடுத்தார்கள். நானா மலாயில் ஏதோ கேட்டார், கேட்டதையே மறுபடி கேட்டார், பிறகு வைத்துவிட்டார். “கேட்ல நிக்கிற காவக்கார ஜாகா. ஆபீஸ் ஒம்போதரைக்குத்தான் தொறக்குமாம், தனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறான்” என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, “பட்டறை என்ன ஒண்ணா ரெண்டா லா, மனச விட்டுராதீங்க” என்றார். சொல்லிவிட்டுத் தராசில் இருந்த பருப்பைத் திரும்பவும் மூட்டையிலேயே கொட்டினார்.

எட்டு மணிக்கு லாரி வரவில்லை. எட்டேகாலுக்கும் வரவில்லை. அத்தை தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டாள். “இந்தக் கடை நம்பர் அவனுக்கு மனப்பாடம். நல்லா இருந்தா ஒரு போன் போட்டிருக்க மாட்டானா.” நான் பக்கத்தில் நிற்பதைப் பார்த்ததும் என் கன்னத்தில் லேசாகத் தட்டினாள், நான்தான் அதைச் சொன்ன மாதிரி.

மேலேயிருந்து அம்மா கூப்பிட்டாள். பேப்பர் இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அத மட்டும் வாசிச்சிராதடி. அவ வயித்துல புள்ள இருக்கு” என்றாள்.

மேலே போன பிறகு அதை விட்டுவிடுவது சுலபமாக இல்லை. அம்மாவுக்குப் பேப்பர் என்றால் கடைசிப் பக்கம்தான். முதல் பக்கத்தைச் சகித்துக்கொண்டு கேட்பாள், விபத்து வந்ததும் எழுந்து உட்காருவாள். அன்றைக்கும், விபத்து ஒண்ணும் இல்லையாடி என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். விபத்து இல்லாத நாளே கிடையாது. நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அந்தச் செய்தி என் மூக்குக்கு நேராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே வேறொன்றை வாசித்தேன்.

“சிராங்கூன் ரோட்டில் மாடு புகுந்தது: கடை சேதம். சிராங்கூன் ரோட்டில் உள்ள பாத்திரக்கடை ஒன்றில் நேற்று பிற்பகல் மாடு ஒன்று புகுந்ததில் பன்னிரண்டு பானைகள் நசுங்கின. எவருக்கும் காயமில்லை. மாடு மிரண்டிருந்ததாகக் கூறப்படுகிறது. மாட்டின் உரிமையாளர் தேடப்படுகிறார். போலீசார் விசாரித்து வருகின்றனர்.”

இன்றைக்கும் சொல்கிறேன், அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாது. தலையும் வாலும் அளவாக இருந்தன. அம்மா சிரித்தாள்.

“மாட்டையா போலீஸ் விசாரிக்குது?”

“கடைக்காரரையும்தாம்மா.”

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அப்பாவை இன்னும் காணோமே என்றாள். ஓவர்டைமாக இருக்கும் என்று அத்தை அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மாட்டுச் செய்தியைக் கட்டி முடித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அத்தையை வெளியே இழுத்துக்கொண்டு வந்து சொன்னேன். “அத்தே, அந்தச் செய்தியில போலீசார் வரல.”

“இருக்கிறது போதாதுன்னு போலீஸ் வேற வரணுமாடி?”

நான் விளக்கினேன். விபத்து என்றால் போலீசார் வருவார்கள். வரவில்லை என்றால் வாலை வெட்டிவிட்டார்கள். மணி, இடம், கூட நின்றவர்கள், எல்லாம் வாலில்தான் இருக்கும். வெட்டிய வால் அச்சாபீஸில்தான் கிடக்கும். அச்சாபீஸ் மாமா பண்டிகை மலர் வேலை இருக்கிறது, மதியம் வரைக்கும் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அத்தைக்கு நான் சொன்னது பாதிகூட விளங்கியிருக்காது. ஆனால் அவளால் சும்மா உட்கார முடியவில்லை. நடப்பதற்கு ஓர் இடம் கிடைத்தது அவளுக்கு. நானாவிடம், டெலிபோனை விட்டு நகராதீங்க என்று சொல்லி, பக்கத்து அறை அக்காவை அம்மாவுக்குத் துணை வைத்துவிட்டு, என்னைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அச்சாபீஸ் ஜாலான் புசார் பக்கம். அத்தை ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அம்மா செருப்பும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். காளியம்மன் கோயிலைத் தாண்டும்போது நிற்காமல், நெஞ்சில் கை வைத்து ஏதோ பேரம் பேசிக்கொண்டே நடந்தாள். எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் அந்த வால் தோன்றியிருக்காது.

உள்ளே மண்ணெண்ணெயும் மையும் கலந்த நாற்றம். மாமா எழுத்துப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று கோத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். நான்தான் பேப்பரைக் காட்டிக் கேட்டேன்.

“நான் கோக்கல அக்கா. கடைசி நேரத்துல வேற ஆள் கோத்தது” என்றவர், அதன் வால் எங்கே என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். பின்பக்கம் ஒருவர், இரவில் வெட்டிய வரிகளைப் பிரித்து எழுத்துகளைப் பெட்டிகளில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் டிக், டிக் என்று அதனதன் குழியில் விழுந்தது. மாமா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்தார். தட்டில் நூல் சுற்றிய சின்னச் சின்னக் கட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். ஈயத்தில் எழுத்து இடம் வலமாகத் திரும்பியிருக்கும். எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நாலாவது கட்டில் மாமாவின் உதடு அசைந்தது.

“பிற்பகல் மூணு மணி. மத்தியானம்தான் அக்கா. உங்க தம்பி இல்ல.”

அத்தை அங்கிருந்த காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். நான் நம்பவில்லை. என் கண்ணால் வாசிக்காத எதையும் நான் நம்புவதில்லை, இன்றைக்கும் அப்படித்தான். காட்டுங்க மாமா என்று பிடிவாதம் பிடித்தேன். மாமா வேண்டாம் என்றுதான் சொன்னார். அத்தை, வாசிக்கட்டும் தம்பி, அவ வாசிச்சாத்தான் எனக்கு மனசு ஆறும் என்றாள். மாமா அந்த வரிகளின் மேல் மை தடவி, ஒரு துண்டுத் தாளை வைத்து, உள்ளங்கையால் அழுத்தி உரித்துக் கொடுத்தார். அந்த ஈரத் தாளை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

“பிற்பகல் மூன்று மணியளவில் இவ்விபத்து நேர்ந்ததாக நிர்வாகம் கூறியது. வழக்கமாக இரவு வேலை பார்க்கும் அவ்வாடவர், சக ஊழியர் ஒருவருக்குப் பதிலாக அன்று பகல் வேலைக்கு வந்திருந்தார். போலீசார் விசாரித்து வருகின்றனர்.”

“பாத்தீங்களா, போலீசார் வந்துட்டாங்க” என்றேன்.

ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை. அத்தை மாமாவைப் பார்த்தாள். மாமா கையில் ஒட்டியிருந்த மையைத் துணியில் துடைத்தார்; துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். பிறகு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பாப்பா, நடுவுல ஒரு வரி இருக்குல்ல. அத வீட்டுல வாசிக்க வேணாம்.”

“ஏன் மாமா? வாசிக்கத்தான் எடம் இருக்கே.”

“எடம் இல்லம்மா” என்றார்.

திரும்பி வரும்போது அத்தை வந்ததைவிட மெதுவாக நடந்தாள். மூன்று மணிக்கு அப்பா பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார், பிறகு எதற்கு இவள் மூக்கை உறிஞ்சுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கேட்டதற்கு, மை நெடி என்றாள். அப்பா நன்றாக இருந்தால் எங்கே போனார், இவ்வளவு நேரம் ஏன் வரவில்லை என்று கேட்டேன். வருவான், நடக்க வேண்டிய காரியத்த நடத்திட்டுத்தான் வருவான் என்றாள். என்ன காரியம் என்று கேட்டேன். அவள் என் கையை இழுத்துக்கொண்டு நடந்தாள். கடை வாசலில் நானா டெலிபோன் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அத்தை அவரிடம் தாழ்ந்த குரலில் இரண்டு வார்த்தை சொன்னாள். நல்ல சேதிதான் சொல்கிறாள் என்று நினைத்து அவர் சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஓதினார்.

அப்பா வந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. லாரியில் வரவில்லை, நடந்து வந்தார். மாடிக்கும் ஏறவில்லை. பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடும் கால்சட்டையோடும் அப்படியே கீழே உட்கார்ந்தார். தலையில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. யாரும் கேட்காமலே அத்தை துண்டும் கைலியும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். பட்டறைத் துரு போகத்தான் இவ்வளவு நேரம் குளிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கட்டிக்கொள்ள ஓடிய என்னை அத்தை தோளைப் பிடித்து நிறுத்தினாள். குளித்து முடிக்கட்டும் என்றாள்.

அவர் துவட்டிக்கொண்டு எழுந்து, கடைசிப் படிக்கட்டில் உட்கார்ந்தார். என்னையும் என் கையில் இருந்த தாளையும் பார்த்தார்.

“பேப்பர்ல போட்டிருக்காங்களா பாப்பா?”

போட்டிருக்காங்கப்பா, வாலும் என்கிட்ட இருக்கு என்றேன். அத்தை என் பின்னால் வந்து நின்றாள். பேப்பரில் இருந்ததை முதலில் வாசித்தேன். பிறகு துண்டுத் தாளை எடுத்து, நடு வரியின் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டேன். மூன்று மணி என்பதிலிருந்து போலீசாருக்கு ஒரே தாவலாகத் தாவினேன். எடுத்த இடம் தெரியாமல் ஒட்டிவிட்டதாக எனக்கு நினைப்பு. அச்சாபீஸ் மாமாவே கேட்டிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ஈர முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அவன் ஏன் அந்த நேரத்துக்கு அங்க நின்னான்னு போட்டிருக்கா?”

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரலுக்கு அடியில் மை இன்னும் காயாமல் பிசுபிசுத்தது.

“இல்லப்பா. அதெல்லாம் போடல.”

அப்பா கையை நீட்டித் தாளை வாங்கினார். அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. இருந்தாலும் வெகுநேரம் அதையே பார்த்தார், நான் விரல் வைத்து நசுக்கிய இடத்தையும் பார்த்தார். பிறகு அதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, என் தலைமேல் கையை வைத்தார். கை சில்லென்று இருந்தது.

“நல்லா வாசிச்சம்மா” என்றார்.

நேற்றுப் பள்ளிக்கூடத்தில் சொல்ல நேரமில்லாமல் போனதை இப்போது சொல்கிறார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு தடவை வாசிக்கட்டுமா அப்பா என்று கேட்டேன்.